குழந்தையின் வளர்ச்சியும் விருத்தியும்: சிறுவர் தாதியர் பணியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சிறுவர் வாட்டுக்குப் பயிற்சிக்கு வரும் தாதிய மாணவர்களும், பிள்ளையின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மாணவர் பரீட்சையை நினைத்துக் கேட்பதும் தாய் பயத்தோடு கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வியாகவே இருப்பதால் இரண்டையும் வேறாகப் பிரிக்கவில்லை.

வளர்ச்சி, விருத்தி என்று இரண்டு சொற்கள் எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பிள்ளையின் நிறையும் நீளமும் தலைச்சுற்றளவும் கூடுவது வளர்ச்சி. அதைத் தராசிலும் நாடாவிலும் அளந்து எண்ணாக எழுதலாம். கழுத்து நிற்பது, குரல் கேட்டுத் திரும்புவது, பொரியை இரு விரலால் பொறுக்குவது, ‘தா’ என்று கேட்பது, அந்நியரைக் கண்டதும் தாயின் தோளில் முகம் புதைப்பது ஆகியவை விருத்தி. இவற்றைப் பார்த்தும் கேட்டும் பிள்ளையோடு விளையாடியும்தான் அறிய முடியும். ஒன்று நன்றாக இருக்கிறது என்பதற்காக மற்றதையும் நன்று என்று எழுதிவிடக் கூடாது. நிறை ஒழுங்காக ஏறி, கன்னம் உப்பி, வாட்டில் எல்லாரும் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்குக் காது கேளாமல் இருக்கலாம். பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்துப் பார்க்காதவரை அது எவருக்கும் தெரியாமலே போய்விடும்.

காய்ச்சலுக்கு வந்த பிள்ளைக்குக் காய்ச்சலைப் பார்த்தால் போதாதா? வளர்ச்சியை ஏன் பார்க்க வேண்டும்?

முதலாவது காரணம் மருந்து. பிள்ளைகளுக்கு மருந்தை வயதைக் கொண்டு அல்ல, நிறையைக் கொண்டே கணக்கிடுகிறோம். பரசிற்றமோல் கூட ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது. நிறை பிழைத்தால் அதற்குப் பின்னால் எழுதப்படும் ஒவ்வொரு மருந்தின் அளவும் பிழைக்கும்.

இரண்டாவது காரணத்தை நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பிழையால் கற்றேன். காய்ச்சலோடு வந்த 10 மாதப் பிள்ளையை, உடம்பில் சுற்றியிருந்த ஈரத் துணியைக் கழற்றாமலே தராசில் வைத்து 8.1 கிலோகிராம் என்று எழுதிவிட்டேன். தாயின் கையிலிருந்த, பிள்ளையின் நிறை மாதாமாதம் குறிக்கப்படும் பதிவேட்டை வாங்கிப் பார்த்த மூத்த தாதி ஒன்றும் பேசாமல் துணியைக் கழற்றி மறுபடி நிறுத்தார், தராசு 7.4 காட்டியது. முந்திய மாதம் கிளினிக்கில் எழுதியிருந்தது 7.6. நான் எழுதிய எண், பிள்ளை ஒரு மாதத்தில் அரைக் கிலோ கூடியிருக்கிறது என்று சொன்னது. உண்மையில் அந்தப் பிள்ளை 200 கிராம் இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தை விசாரித்தபோதுதான் ஒரு மாதமாக விட்டு விட்டு வயிற்றோட்டம் இருந்த விடயமே வெளியே வந்தது. காய்ச்சல் எப்படியும் மூன்று நாளில் மாறியிருக்கும், ஆனால் மற்றதைக் கவனிக்காமலே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

வயதுக்கேற்ற அளவுகளை அறியாமல் நோயையும் மதிப்பிட முடியாது. நிமிடத்துக்கு 45 தடவை மூச்சு விடுவது 6 மாதப் பிள்ளைக்கு இயல்புக்கு உட்பட்டது, 2 வயதுப் பிள்ளைக்கு வேகமான சுவாசம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எல்லைகளை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பிள்ளைகளிடத்தில் சரிவராது.

நிறையையும் நீளத்தையும் தலைச்சுற்றளவையும் முறையாக எடுப்பது எப்படி?

தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பின்னரே பிள்ளையை வைக்க வேண்டும். தொங்கு தராசானால் காற்சட்டைத் தொட்டிலை மாட்டிய பிறகு பூச்சியமாக்க வேண்டும். இந்த ஒன்றை மறந்ததால் எழுதப்பட்ட பிழையான எண்கள் எத்தனையோ. சிறு குழந்தையை உடுப்பில்லாமல் நிறுப்பதே சரி. அரைஞாண், காப்பு, பஞ்சாயுதம் ஆகியவற்றைக் கழற்றத் தாய் விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டியதில்லை, ஆனால் அவற்றோடு நிறுத்ததைக் குறிப்பில் எழுத வேண்டும், அடுத்த முறையும் அவற்றோடே நிறுக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்து நீளமும், அதற்கு மேற்பட்ட பிள்ளையை நிறுத்தி வைத்து உயரமும் எடுக்கிறோம். ஒரே பிள்ளையின் படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சராசரியாக 0.7 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கும் என்பதால் முறையை மாற்றி எடுத்தால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நீளப் பலகைக்கு இருவர் தேவை. ஒருவர், பெரும்பாலும் தாய், தலையின் உச்சி பலகையைத் தொடும்படி இரு கைகளாலும் மெல்லப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் முழங்கால்களை இலேசாக அழுத்தி நேராக்கி, பாதப் பலகையை இரண்டு குதிகாலும் படும்படி நகர்த்தி உடனே வாசிக்க வேண்டும். தனி ஆளாக நாடாவைக் கட்டிலில் விரித்து எடுத்த நீளத்தை நான் நம்புவதில்லை, மாணவர்களையும் நம்பவிடுவதில்லை.

தலைச்சுற்றளவுக்கு இழுபடாத நாடா வேண்டும். முன்னே புருவங்களுக்குச் சற்று மேலாகவும் பின்னே தலையின் மிகப் புடைத்த இடத்தின் மேலாகவும் சுற்றி, கிடைக்கும் மிகப் பெரிய அளவை எழுத வேண்டும். பின்னலையும் கிளிப்பையும் எடுத்துவிட வேண்டும். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பதும் இதே வேளையில்தான்: பிள்ளை அழாமல் நிமிர்ந்து இருக்கும்போது அது புடைத்திருந்தாலும் குழிந்திருந்தாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பின் உச்சிக்குழி இரண்டு மாதத்துக்குள்ளும் முன் உச்சிக்குழி பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் மூடுகின்றன.

பிள்ளை எவ்வளவு கூட வேண்டும்?

பிறந்த முதல் சில நாட்களில் குழந்தை தன் நிறையில் நூற்றுக்கு 10 பங்கு வரை இழக்கலாம். இது தாய்மாரை மிகவும் கலங்க வைக்கும் விடயம். இரண்டு கிழமைக்குள் பிறப்பு நிறை திரும்பிவிட வேண்டும், திரும்பாவிட்டால் பால் கொடுக்கும் முறையை அருகில் இருந்து பார்க்க வேண்டும். அதன் பின் ஏறத்தாழ 5 மாதத்தில் பிறப்பு நிறை இரு மடங்காகவும் ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆகிறது. 3 கிலோகிராமில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ 9 கிலோகிராம் இருக்கும். நீளம் பிறப்பில் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர், ஒரு வயதில் 75. நான்கு வயதளவில் ஒரு மீற்றரைத் தொடுகிறது. தலைச்சுற்றளவு பிறப்பில் 33 முதல் 35 வரை இருந்து முதலாண்டில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் கூடுகிறது, அதிலும் முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 சென்ரிமீற்றர். மூளை அந்த வேகத்தில் வளர்கிறது என்பதே இதன் பொருள்.

பரீட்சைக்குப் படிப்போருக்கு: இரண்டு முதல் ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் எதிர்பார்க்கும் நிறை கிலோகிராமில் வரும், வயதை ஆறால் பெருக்கி 77ஐக் கூட்டினால் உயரம் சென்ரிமீற்றரில் வரும். ஐந்து வயதுக்கு 18 கிலோகிராம், 107 சென்ரிமீற்றர். இது தராசு இல்லாத அவசரத்தில் உதவும் மதிப்பீடு மட்டுமே.

வரைபடத்தில் புள்ளி இயல்பான பகுதிக்குள் இருந்தால் கவலையில்லைதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் இந்த நினைப்பால்தான் அதிகப் பிள்ளைகள் தவறவிடப்படுகிறார்கள். ஒரு புள்ளி பிள்ளை இன்று எங்கே இருக்கிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் போகிறது என்பதை அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் கோடுதான் சொல்லும். இலங்கையில் ஆண் பிள்ளைக்கு நீலமும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்புமாகத் தாயின் கையில் கொடுக்கப்படும் சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டில் இரண்டு வயது வரை மாதந்தோறும் நிறையைக் குறிப்பது இதற்காகவே.

கிண்ணியாப் பக்கத்திலிருந்து சளியோடு வந்த ஒரு பெண் பிள்ளையின் பதிவேட்டில் 6ஆம் மாதம் 7.1, 7ஆம் மாதம் 7.2, 8ஆம் மாதம் 7.2 என்று இருந்தது. எட்டு மாதப் பெண் பிள்ளைக்கு 7.2 கிலோகிராம் குறைவான நிறை அல்ல. மூன்று புள்ளிகளும் இயல்பான பகுதிக்குள்தான் இருந்தன. ஆனால் அந்த வயதில் மாதத்துக்கு ஏறத்தாழ 300 கிராம் கூட வேண்டிய பிள்ளை இரண்டு மாதத்தில் 100 கிராமே கூடியிருந்தது. கோடு படுத்துவிட்டது. உம்மாவிடம் ஆறுதலாக இருந்து கேட்டபோது, ஆறு மாதம் முடிந்ததிலிருந்து கஞ்சித் தண்ணீரும் தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட்டுமே உணவு என்று தெரிந்தது. தேத்தண்ணீர் வயிற்றை நிரப்புவதோடு உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கிறது. அந்த உம்மா பிள்ளையைப் பட்டினி போட்டவர் அல்லர். ‘தண்ணியாகக் கொடுத்தால்தான் செரிக்கும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பியவர்.

வயதுக்கேற்ற நிறை, இடையத்திலிருந்து (வரைபடத்தின் நடுக்கோட்டிலிருந்து) இரண்டு நியம விலகல்களுக்கு (அளவுகள் நடுவிலிருந்து பரவும் படிகளுக்கு)க் கீழே போனால் நிறை குறைவு. வயதுக்கேற்ற உயரம் அப்படிப் போனால் அது நீண்ட காலப் போசணைக் குறைவைக் காட்டும் குட்டைத்தன்மை. உயரத்துக்கேற்ற நிறை அப்படிப் போனால் அண்மைக்கால மெலிவு. மூன்று நியம விலகல்களுக்குக் கீழான மெலிவும், 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைவதும் கடுமையான மந்தபோசணையின் அடையாளங்கள். இந்தப் பிள்ளைகளை அன்றே வைத்தியருக்குக் காட்ட வேண்டும்.

‘எங்கள் பரம்பரையே சிறிய உடம்பு, வெளிநாட்டு வரைபடம் எங்களுக்குப் பொருந்தாது’ என்கிறார்களே?

நாங்கள் பயன்படுத்தும் வரைபடம் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து அதை ஆக்கினார்கள். தாய்ப்பால் குடித்து, புகை பிடிக்காத தாயிடம், போதிய உணவோடும் சுகாதாரத்தோடும் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அப்படி வளரும்போது ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்கிறார்கள் என்பதே அந்த ஆய்வு காட்டிய உண்மை. தகப்பனும் தாயும் குட்டையானவர்களாக இருந்தால் பிள்ளை கீழ்க்கோட்டருகே வளரலாம். ஆனால் தன் கோட்டுக்கு ஒப்பாகவே வளரும். பரம்பரை கோட்டைப் படுக்க வைக்காது.

ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன கொடுக்கச் சொல்ல வேண்டும்?

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். முடிந்ததும் குழையச் சோறு, பருப்பு, கீரை, மீன் அல்லது முட்டை, சிறிது தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய் சேர்த்து மசித்துத் தீத்தலாம். கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத பதமே சரியான பதம். 6 முதல் 8 மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று தடவையும், அதன் பின் மூன்று நான்கு தடவையும், தாய்ப்பாலை நிறுத்தாமல். கடலுக்குப் போகும் குடும்பங்களில் நல்ல மீன் விற்பனைக்குப் போய்விட்டு வீட்டில் குழம்புத் தண்ணீர் மட்டும் பிள்ளையின் சோற்றில் ஊற்றப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு வேண்டியது குழம்பு அல்ல, முள் நீக்கிய சதை; ஒரு சிறு துண்டு போதும். 1973 முதல் இந்நாட்டில் வழங்கப்படும் சத்துமாவான திரிபோஷா நிறை குறைந்த பிள்ளைக்கென்று கொடுக்கப்படும்போது, அதை வீட்டில் எல்லாரும் பகிர்ந்து உண்கிறார்களா என்று குற்றஞ்சாட்டாமல் கேட்க வேண்டும். பகிர்வது வறுமையால் என்றால் குடும்பநல உத்தியோகத்தருக்கு அதைத் தெரிவிப்பதும் எங்கள் வேலைதான்.

விருத்தி எந்த ஒழுங்கில் நடக்கிறது? இத்தனை மாதங்களையும் எப்படி நினைவில் வைப்பது?

தலையிலிருந்து காலை நோக்கியும், உடலின் நடுவிலிருந்து விரல் நுனியை நோக்கியும் நடக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் கழுத்து, பிறகு முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில் கால். கையிலும் அப்படியே: முதலில் முழுக் கையால் வாரிப் பிடித்த பிள்ளை 9, 10 மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரு பொரியை எடுக்கிறது.

நினைவில் வைக்க நம் மொழியிலேயே ஒரு வழி உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை பத்துப் பருவங்களை 3ஆம் மாதம் தொடங்கி ஒற்றைப்பட்ட மாதங்களில் வரிசைப்படுத்துகிறது. 5ஆம் மாதச் செங்கீரையில் பிள்ளை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. குப்புறப் படுத்த பிள்ளையிடம் நாங்கள் அந்த மாதத்தில் தேடுவதும் அதையே. 7ஆம் மாதம் தால், அதாவது நாக்கு. குழந்தை ‘பபப, ததத’ என்று அசையடுக்கத் தொடங்கும் காலம். 9இல் சப்பாணி, கை கொட்டுதல். 11இல் முத்தம், கேட்டதைப் புரிந்து கொடுத்தல். 13இல் வருகை, தளர்நடை. 15இல் அம்புலி: நிலவைக் காட்டினால் காட்டும் விரலைப் பார்க்காமல் நிலவைப் பார்ப்பது, பிறகு தானே சுட்டிக்காட்டுவது. பிறர் பார்ப்பதைத் தானும் பார்க்கும் இந்தத் திறனே ஓட்டிசம் குறித்த பரிசோதனையில் முக்கியமாகத் தேடப்படுவது. புலவர்கள் வைத்திய நூல் எழுதவில்லை. பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே. மாணவர்கள் இந்த வரிசையைக் கேட்டபின் மறப்பதில்லை.

முதற்பல் முளைத்ததும் எங்கள் வீடுகளில் செய்யும் பல்லுக் கொழுக்கட்டைச் சடங்கையும் தாயிடம் நான் தவறாமல் விசாரிப்பேன். வெள்ளைத் துணியில் இருத்திக் கொழுக்கட்டையைத் தலையில் கொட்டியபோது பிள்ளை பிடிமானமின்றித் தானே உட்கார்ந்திருந்ததா, முன்னே வைத்த புத்தகத்தையும் பேனையையும் நகையையும் எட்டி எடுத்ததா, எந்தக் கையால் எடுத்தது, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியதா, கூட்டத்தைக் கண்டு அழுததா. மாதக் கணக்கு நினைவில் இல்லாத தாயும் அன்றைய நாளைத் துல்லியமாகச் சொல்லுவார். ஒரு வயதுக்கு முன்னரே பிள்ளை ஒரு கையை மட்டும் விடாமல் பயன்படுத்தினால், மற்றக் கையின் பலத்தைப் பரிசோதிக்க வேண்டும். அது இடக்கைப் பழக்கமாக இருக்கத் தேவையில்லை.

14 மாதமாகியும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்துவிட்டது. நடைவண்டி வாங்கலாமா?

தனியே நடப்பதற்கான இயல்பான கால எல்லையை உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆய்வு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை என்று கண்டது. எனவே இரண்டு பிள்ளைகளும் எல்லைக்குள்தான். தவழாமலே நடந்த பிள்ளைகளும் அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேரளவில் இருந்தார்கள். 18 மாதமாகியும் தனியே நடக்காவிட்டால் காட்ட வேண்டும். உள்ளே இருத்தித் தள்ளும் சில்லு வண்டி நடையைப் பிந்தச் செய்யும், படியிலும் அடுப்பிலும் கொண்டுபோய் மோதும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நிலத்தில் பாய் விரித்து விடுங்கள், பிடித்து எழும்ப ஒரு வாங்கு போதும்.

வீட்டில் தமிழ், அயலில் சிங்களம், தொலைக்காட்சியில் ஆங்கிலம். அதனால்தான் பேச்சுப் பிந்துகிறதா?

திருகோணமலையில் இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சைப் பிந்தச் செய்யும் நோய்க் காரணம் அல்ல. அப்படி வளரும் பிள்ளையின் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். ‘பால்’ என்பதையும், சிங்களத்தில் தண்ணீரைக் குறிக்கும் ‘வத்துர’ என்பதையும் சொன்னால் அது இரண்டு சொல். ஒரு வயதளவில் பொருளறிந்த முதற்சொல்லும், இரண்டு வயதில் ‘அம்மா வா’ போன்ற இருசொல் தொடரும் வர வேண்டும். வராவிட்டால் மொழிகளின் மேல் பழி போட்டுக் காத்திருக்காமல் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

தொலைபேசியை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பிள்ளையோடு பேசுவதில்லை. பிள்ளை ‘ஆ’ என்றால் திரும்ப ‘ஆ’ என்று சொல்லாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஊசி ஏற்றும் இரண்டு நிமிடத்துக்குக் காட்டுவதை நான் தடுப்பதில்லை. சோறு தீத்துவதற்காகக் காட்டுவதைத் தடுக்கிறேன்.

குறைமாதப் பிள்ளையை எந்த வயதில் கணக்கிடுவது?

40 வாரத்துக்கு எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனையைக் கழித்துத் திருத்திய வயதைக் கொள்ள வேண்டும். 32ஆம் வாரத்தில் பிறந்து இன்று 6 மாதமான பிள்ளையிடம் 4 மாதத்துக்குரிய திறன்களையே தேட வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கணக்குத் தொடரும். தடுப்பூசி மட்டும் பிறந்த திகதிப்படியே. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்துவர வேண்டியிருந்த காலத்திலும் இந்தப் பிள்ளைகளைத் தவறாமல் கொண்டுவந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களிடம் திருத்திய வயதைச் சொல்லாமல் ‘பிள்ளை பிந்தி இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம்.

வாட்டில் ஒவ்வொரு வயதுப் பிள்ளையையும் எப்படிக் கையாள வேண்டும்? பிள்ளை வளரும் படிநிலைகளை விளக்கிய உளவியலாளர்கள் எரிக்சனும் பியாஜேயும் இதில் எங்கே வருகிறார்கள்?

ஒவ்வொரு கட்டிலிலும் வருகிறார்கள். எரிக்சன் முதலாண்டின் வேலையாகக் கூறிய நம்பிக்கை, அழுத பிள்ளைக்கு ஒரே ஆள் வந்து தேற்றும்போது உண்டாகிறது. ஆகவே கைக்குழந்தைக்குச் செய்யும் எல்லாவற்றையும் இயன்றவரை தாயின் மடியிலேயே செய்யுங்கள். தூங்கும்போதே மூச்சையும் இதயத் துடிப்பையும் எண்ணிவிடுங்கள். தொண்டையையும் காதையும் கடைசிக்கு வையுங்கள்.

ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளைக்குத் தாயைப் பிரிவதே பெரிய நோய். தாய் சேய்ப் பிரிவை ஆராய்ந்த ஜோன் போல்பியும் ஜேம்ஸ் ரொபேட்சனும் இந்தப் பிரிவில் மூன்று நிலைகளை விவரித்தார்கள்: முதலில் எதிர்த்து அழுதல், பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்குதல், பிறகு ஒட்டாமல் விலகுதல். இரண்டாவது நிலையில் பிள்ளை சத்தமில்லாமல் மூலையைப் பார்த்தபடி இருக்கும். ‘பிள்ளை வாட்டுக்குப் பழகிவிட்டது’ என்று குறிப்பில் எழுதப்படுவது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். தாய் உடுப்புத் துவைக்கப் போனபோது அழும் பிள்ளையைவிட, தாய் திரும்பி வந்தபோது முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

மூன்று முதல் ஆறு வயது வரை பிள்ளை தான் செய்த குற்றத்துக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று நம்பும். ‘சத்தம் போட்டால் மிஸ் ஊசி போடுவா’ என்று பயங்காட்ட வேண்டாம் என்று தாய்மாரிடம் கைகூப்பிக் கேட்கிறேன்; ஊசி தண்டனையல்ல, மருந்து என்று நாங்கள் சொல்வதை அந்த ஒரு வாக்கியம் அழித்துவிடுகிறது. இரத்தம் எடுத்த இடத்தில் சிறு பிளாஸ்டர் ஒட்டுவதும் இந்த வயதுக்கு அவசியம், ஏனென்றால் அந்தத் துளை வழியே உடம்பிலுள்ள இரத்தமெல்லாம் போய்விடும் என்று பிள்ளை பயப்படுகிறது. பியாஜே முன்செயல் நிலை என்று சொன்ன சிந்தனை இதுதான். ‘கொஞ்சம் தூங்க வைப்போம்’, ‘வெட்டி எடுப்போம்’ போன்ற சொற்களை அந்தப் பிள்ளை கேட்கும் தூரத்தில் பேச வேண்டாம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் காரணம் வேண்டும்; சேலைன் ஏற்ற நாளத்தில் செருகும் சிறு குழாயான கனியூலாவை ஒரு பொம்மையின் கையில் ஒட்டிக் காட்டி, சேலைன் எங்கே போகிறது என்று சொன்னால் கையை நீட்டும். பதின்ம வயதினருக்குத் திரைச்சீலை வேண்டும். தாயிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேச வேண்டும்.

வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் ஆறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிட்டு 10க்குக் கணக்கிடுகிறோம். ஏறத்தாழ மூன்று வயதிலிருந்து முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

என் மகள் எட்டு வயதுக்குள்ளேயே பெரியபிள்ளையாகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இயல்பான வயது எது?

பெண் பிள்ளையில் பூப்பின் முதல் அடையாளமான மார்பு அரும்புதல் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும்; சாமத்தியப்படுவது அதற்குப் பின் இரண்டு இரண்டரை ஆண்டில். ஆண் பிள்ளையில் 9 முதல் 14 வயது. இந்த எல்லைகளுக்கு முன் தொடங்கினாலும், எல்லை தாண்டியும் தொடங்காவிட்டாலும் வைத்தியருக்குக் காட்ட வேண்டும்.

எந்த அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது?

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்காதது, 10 மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராதது, ஒரு வயதாகியும் அசையடுக்கிப் பேசாமலும் கையசைத்துச் சைகை காட்டாமலும் இருப்பது, 18 மாதமாகியும் நடக்காமலும் ஒரு சொல்லும் சொல்லாமலும் எதையும் சுட்டிக்காட்டாமலும் இருப்பது. இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, பெற்ற திறனை எந்த வயதிலாவது இழப்பது: நேற்றுவரை உட்கார்ந்த பிள்ளை இன்று உட்காரவில்லை, சொன்ன சொற்கள் நின்றுவிட்டன என்று தாய் சொன்னால் அதை அந்த நாளிலேயே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ‘ஆண் பிள்ளைகள் பிந்தித்தான் பேசும்’ என்ற ஆறுதல் எத்தனையோ பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகளை எடுத்துவிட்டது.

பிள்ளையிடம் ஒரு பிந்துதலைக் கண்டால் தாயிடம் எப்படிச் சொல்வது?

மாமியாரும் மச்சாளும் சுற்றி நிற்கும் பார்வையாளர் நேரத்தில் சொல்ல வேண்டாம். பிந்துதலுக்குத் தாயே காரணம் என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். கதிரையில் இருந்து, தாயின் கண்மட்டத்தில், முதலில் கேளுங்கள்: ‘தங்கச்சி, பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஏதாவது யோசனை இருக்கிறதா?’ அநேகமான தாய்மாருக்கு அது முன்னரே தெரிந்திருக்கும், சொல்ல ஓர் ஆள் இல்லாமல் இருந்திருப்பார்கள். பிள்ளை செய்யும் விடயங்களை முதலிலும், செய்யாததை அதன் பின்னும், அடுத்து யாரிடம் எந்த நாளில் காட்ட வேண்டும் என்பதைக் கடைசியிலும் சொல்லுங்கள். நோயின் பெயரை ஊகித்துச் சொல்வது எங்கள் வேலையல்ல. பிறகு பதிவேட்டில் திகதியோடு, நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: ‘பின்னால் நின்று மூன்று முறை அழைத்தேன், திரும்பவில்லை, கைதட்டினேன், திரும்பவில்லை.’ அடுத்த கிளினிக்கில் அந்தப் பதிவேட்டைத் திறக்கும் வைத்தியர் தொடங்க வேண்டிய இடம் அந்த வரிதான்.